பதினோராம் மாடியில் ஒரு ரிஜெக்ட்

பதிமூன்றாம் நாள் காலை, சொந்த வீட்டு ஹாலில் சொந்த லுங்கியோடு நின்றுகொண்டிருந்த சுகுமாரனைப் பார்த்து அந்தப் பெட்டி ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டது: உங்களை எனக்குத் தெரியவில்லையே, விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா?

சுகுமாரன் லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை அவருடையது. மின்சார பில் அவர் பெயரில்தான் வருகிறது. அந்தப் பெட்டி குடிக்கிற மின்சாரமே அவர் போடுகிற பிச்சை.

"யாரு வீட்டுக்கு யாரு விருந்தாளி?" என்றார்.

"கண்ணாடியக் கழட்டுங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார் மனைவி காமினி. "அன்னிக்கு மொகத்தப் பதிஞ்சப்போ கண்ணாடி இல்லாமத்தானே நின்னீங்க."

கழற்றினார். பெட்டி மலர்ந்துபோய்த் திரையில் அவரை வரவேற்று ஏதோ எழுதியது. என்ன எழுதியது என்று தெரியவில்லை. கண்ணாடி கையில் இருந்தது.

நேரே மேசைக்குப் போய்ப் படிவத்தை எடுத்தார். பதினாறாவது வரி, 'வீட்டு ஆளை அடையாளம் காணுதல்'. எதிரே ஃபெயில் என்று எழுதி, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அடியில் கோடு போட்டார்.

சுகுமாரன் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் தரச் சோதனை பார்த்தவர். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள். அவர் சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒரு சுருள் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த பொருள் எதுவும் சோதனைக்குத் தப்பியதில்லை. ரொட்டி சுடும் இயந்திரத்தின் முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் உண்டு. குடையில் இரண்டு. காமினியின் அண்ணன் கல்யாண நாளுக்கு அனுப்பிய சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, அண்ணன் வரும்போது மட்டும் அதன்மேல் காலண்டர் தொங்கும்.

பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும், தொடுதிரையில் படம் காட்டும், ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கும் இந்தப் பெட்டியை வாங்கிவந்தது கிள்ளானில் வேலை பார்க்கும் மகள் சாந்தினி. அன்பால் மட்டும் வாங்கி வரவில்லை. அவர்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு. ஒன்று எப்போது நின்றது என்று சொல்லக்கூடிய ஆட்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். இன்னொன்று ஐந்து மாதமாக ஓடவில்லை. சுகுமாரனின் வலது முட்டி அதே ஐந்து மாதமாகக் கீச்சிடுகிறது. நிர்வாக அலுவலக மேனேஜர் இத்ரீஸுக்கு இதுவரை பதினொரு கடிதம் எழுதிவிட்டார், எல்லாம் எண் போட்டு, நகல் வைத்து. பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: நடவடிக்கையில் உள்ளது.

போன மாதக் கடைசியில் பெட்டியோடு வந்த சாந்தினி ஏழாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட வேண்டும். சுகுமாரன் மறுத்தார். காமினி கண்ணைக் கசக்கினார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

"இந்தச் சாமான் வீட்ல இருக்கட்டும். தெனம் உங்க ரெண்டு பேர் மூஞ்சியயும் பாத்துக்கிறேன், நீங்க பினாங்குலயே இருங்க," என்றாள் சாந்தினி. "பதினாலு நாளைக்குள்ள கடைல திருப்பிக் குடுக்கலாம். நீங்கதான் கியூஏ ஆச்சே, செக் பண்ணுங்க. ஃபெயில்னு சொன்னீங்கன்னா லாரி வரும்பா."

சுகுமாரனும் அன்றிரவே இருபது வரியில் படிவம் தயாரித்தார். பன்னிரண்டு பாஸ் கிடைத்தால் பெட்டி தேறும், அவர்களும் ஊரில் இருப்பார்கள். சொந்தக் கையால் தனக்கே கண்ணி வைத்துக்கொண்டது அவருக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

பெட்டி முதலில் அடுப்படியில் இருந்தது. மாவுக் கையால் தொட்டால் திரை அசையவில்லை, மாவை வழித்துக்கொண்டதோடு சரி. ஃபெயில். தொலைக்காட்சிப் பக்கத்தில் வைத்தார். செய்தி வாசிப்பவர் கேட்ட கேள்விக்கெல்லாம் இது பதில் சொன்னது, அதுவும் தவறான பதில். ஃபெயில். சாந்தினி கூப்பிட்டால் யாரும் தொடாமலே தானே எடுத்துக்கொள்ளும்படி அவளே அமைத்து வைத்திருந்தாள். அதனால் ஆறாம் நாள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்த சுகுமாரனை அவளுடைய அலுவலகத் தோழிகள் இருவர் சேர்ந்து தரிசித்தார்கள். அந்த வரியில் ஃபெயில் என்பதை அவர் இரண்டு முறை எழுதினார். காமினிக்கு மட்டும் அந்த வசதி பிடித்துப்போய், பக்கத்து வீட்டு நூர்ஜான் எண்ணையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தாலும் பேசலாமாம்.

கடைசியில், காலியாக இருந்த ஒரே பிளக் சாமி மேடைக்குப் பக்கத்தில் என்பதால், பெட்டி முருகன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார் காமினி, துண்டில் கையைத் துடைத்தபடி.

"பதினாறு அயிட்டம் முடிஞ்சுது. ஏழு பாஸ்."

காமினி மனக்கணக்கில் கெட்டிக்காரர். "மிச்சம் நாலும் பாஸ் ஆனாலும் பதினொண்ணுதானே வருது."

"ஆமா."

"ஒண்ணே ஒண்ண மாத்தி எழுதினா என்ன? மொகம் தெரியலைன்னு எழுதினீங்களே, அப்பறம் தெரிஞ்சுதானே குட் மார்னிங் சொல்லிச்சு?"

"முப்பத்தொரு வருஷத்துல கெட்ட பீஸ் ஒண்ணு என் கைய விட்டுப் போனதில்ல, காமினி."

"போகாது. நாமதான் போகப்போறோம்."

காமினி பக்கத்து வீட்டு நூர்ஜானுக்குக் கிண்ணம் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று போனார். ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. அது வழக்கமான நேரம்தான் என்பதால் சுகுமாரன் கவனிக்கவில்லை. அவர் பதினேழாவது வரியில் கொதித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கும்போதெல்லாம் பெட்டி தன் திரையில் பனி மூடிய மலைகளைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு மல இது? ஜன்னலத் தொறந்தா புக்கிட் பெண்டேரா தெரியுது. நம்ம வீட்ல இருந்துக்கிட்டு யாரு வீட்டு மலையக் காட்டுது?"

"அப்ப நம்ம வீட்டு ஆள் படத்தப் போட்டுரட்டுமா?" என்றார் உள்ளே வந்த காமினி.

"அதத்தானே பதிமூணு நாளா கத்துறேன்."

காமினி கைபேசியில் எதையோ தட்டினார். மலை மறைந்தது. சுகுமாரன் தோன்றினார். ஓய்வு பெற்ற நாளன்று தொழிற்சாலையில் எடுத்த படம்: கோட்டு, டை, சிரிப்பே இல்லாத முகம். வேறு படம் எதுவும் மாறி வரவில்லை. அதே முகம் அப்படியே நின்றது. சுகுமாரன் சற்று நேரம் பார்த்தார். பதினேழாவது வரியில் பாஸ் என்று எழுதினார். காமினி பாசாரிலிருந்து வாங்கிவர வேண்டியவற்றுக்கு நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தனுப்பினார்.

பதினோரு மாடி இறங்கி, பாசாருக்குப் போய், நூர்ஜானின் கணவர் இஸ்மாயில் கீழே நடத்தும் கடையில் தேத்தாரே டீ குடித்தார் சுகுமாரன். தண்ணித் தொட்டி ஒழுகுவதைப் பற்றி ஆறு கடிதம் எழுதிக் களைத்துப்போன இஸ்மாயிலும், லிஃப்டைப் பற்றிப் பதினொன்று எழுதிய சுகுமாரனும் நிர்வாகத்தைத் திட்டுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது. கிள்ளானில் இப்படி உட்கார்ந்து திட்ட யார் கிடைப்பார்கள் என்று நினைத்தபோது சுகுமாரனுக்குத் தேத்தாரே கசந்தது. பிறகு மாடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

வாசலில் ஒரு ஜோடி அந்நியச் செருப்பு.

உள்ளே அலுவலகக் குமாஸ்தா ஹஸ்ருல் கையில் அளவு நாடாவோடு நின்றிருந்தான். பதினொரு கடிதத்தையும் வாங்கி முத்திரை குத்தியவன் அவன்தான், ஆனால் கடிதங்கள் தபால் பெட்டி வழியாகப் போனதால் எழுதியவரைப் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் சாமி மேடை. மேடையில் பெட்டி. பெட்டியில் கோட்டு போட்ட சுகுமாரன். பெட்டியைச் சுற்றி முழ நீளத்துக்கு மல்லிகை மாலை, உச்சியில் சந்தனம், குங்குமம். முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காமினியின் கண்களிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

ஹஸ்ருல் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தி, மலாயில் காமினியிடம் மெல்லக் கேட்டான்: இவர் இறந்தவருக்கு அண்ணனா? அப்படியே அதே சாயல்.

காமினி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

சுகுமாரனுக்கு மூச்சு திரும்ப ஒரு நிமிடம் ஆனது. திரும்பியதும், நான்தான் சுகுமாரன் என்று மலாயில் உரக்கச் சொன்னார்.

"சபார், பக்சிக்," என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான் ஹஸ்ருல். பெரியவரே, பொறுமையாக இருங்கள் என்கிறான். துக்கம் மனிதரை எப்படியெல்லாம் பேச வைக்கும் என்று அவனுக்குத் தெரியும் போலிருந்தது. இறந்தவர் தங்களுக்கு அடிக்கடி எழுதுவார் என்றும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்றும், கடிதம் எல்லாவற்றையும் ஃபைலில் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னான்.

"படிச்சீங்களா?" என்றார் சுகுமாரன் பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாவற்றையும் படித்தோம் என்றான் ஹஸ்ருல். பிறகு நடையின் அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். பதினோரு மாடிப் படியில் சவப்பெட்டியைத் தூக்கி இறக்குவது நிர்வாகத்துக்கே கேவலம் என்று மேனேஜர் இத்ரீஸ் வருத்தப்பட்டாராம். ஜுருவிலிருந்து மெக்கானிக் கிளம்பிவிட்டார். மாலை நான்கு மணிக்குள் லிஃப்ட் ஓடும். போகிற போக்கில், இறந்தவர் எவ்வளவு உயரம் என்று கேட்டான்.

"அஞ்சடி ஏழு அங்குலம்," என்றது சுகுமாரனின் வாய். கேட்ட அளவைச் சொல்லிவிடுவது முப்பத்தொரு வருடப் பழக்கம்.

ஹஸ்ருல் போனதும் சுகுமாரன் மனைவி பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழம," என்றார் காமினி. "புதுச் சாமான். பூ போட்டேன், பொட்டு வெச்சேன். ரைஸ் குக்கருக்கு வெக்கலையா? வாஷிங் மெஷினுக்கு வெக்கலையா? அப்பல்லாம் யாரும் செத்துப்போகலையே. நூர்ஜான் அக்கா வாசல்ல நின்னு பாத்துட்டுப் பதறிப் போய் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

"நான் செத்தா லிஃப்ட் ஓடும். உயிரோட இருந்தா நான் நடக்கணும். இது என்ன நியாயம்? பதினொரு லெட்டர், காமினி. நம்பர் போட்டு எழுதினேன்."

"அப்ப எறங்கிப் போய் உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டு ஏறி வாங்க."

சுகுமாரன் முட்டியைப் பார்த்தார். முட்டி அவரைப் பார்த்தது. ஆனால் தவறான தகவலை மறுக்காமல் விடுவதும் கெட்ட பீஸை விடுவதும் ஒன்றுதான். மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டாவது கடிதத்தை எழுதினார். கீழே கையொப்பமிட்டுள்ள நான் இன்று வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபது நிலவரப்படி உயிருடன் இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எட்டிப் பார்த்த நூர்ஜான், தான் கீழேதான் போவதாகச் சொல்லிக் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"குடுத்துட்டேண்ணே. பன்னெண்டாம் நம்பர்னு போட்டு ஃபைல்ல வெச்சுட்டாங்க."

அதற்குள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் அனுதாபச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர் கோயில் கமிட்டிச் செயலாளர் பிச்சைமுத்து. வெள்ளை வேட்டியில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகுமாரனைக் கண்டார்.

"நீங்க போகலையா?"

"இல்ல."

"பதினோரு மாடிண்ணே." பிச்சைமுத்து வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா. வேலைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்."

சுகுமாரன் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிச்சைமுத்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்ததற்காவது நான்கு வார்த்தை சொல்ல வேண்டும் என்று, சுகுமாரன் எவ்வளவு நல்ல மனிதர் என்பதைக் காமினியிடம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி தானே எடுத்துக்கொண்டது. யாரோ அனுப்பிய அனுதாபச் செய்தி கிள்ளான் வரைக்கும் போயிருந்தது. திரையில் சாந்தினி.

"அப்பா? அப்பா எங்க?"

"இங்கதாம்மா, நல்லாத்தான் இருக்கேன்," என்று பெட்டிமுன் ஓடினார் சுகுமாரன்.

ஆனால் காமினி வைத்த குங்குமம் பெட்டியின் நெற்றியில், அதாவது கேமராவின் மேலேயே அப்பியிருந்தது. சாந்தினிக்குத் தெரிந்ததெல்லாம் செக்கச்செவேலென்ற மூட்டம். அதைச் சுகுமாரன் கட்டைவிரலால் துடைத்தார். எண்ணெயில் குழைத்த குங்குமம் கண் முழுக்கப் பரவியது. மறு விரல் திரையில் பட்டு இந்தப் பக்க ஒலியையே அடைத்தது. சுகுமாரன் சொன்னதை அமுக்கிக்கொண்டு அதற்குமுன் அவளுக்குக் கேட்டது, "அவரு மாதிரி ஒரு மனுசன் இனிமே கிடைப்பாரா" என்ற பிச்சைமுத்துவின் குரல்தான். அழைப்பு அறுந்தது.

சுகுமாரன் கைபேசியில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. ஒன்பது முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. காரில் கிளம்பியிருக்க வேண்டும்; கெரெத்தா ஓட்டும்போது தலை போகிற அவசரமானாலும் ஃபோனைத் தொடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

மூன்று ஐம்பதுக்கு லிஃப்ட் ஓடியது. ஐந்து மாதம் நடவடிக்கையில் இருந்தது ஒரே மதியத்தில் முடிந்தது. சுகுமாரன் சட்டையை மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையான ஐசியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். நாற்பது வினாடியில் கீழே போய்ச் சேர்ந்தார். ஆத்திரத்திலும் அந்த நாற்பது வினாடியை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மேனேஜர் இத்ரீஸ் ஐசியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி ஐசியைப் பார்த்தார். மிகுந்த மகிழ்ச்சி என்றார். பிறகு, இறந்ததாக வந்த தகவல் பதிவாகிவிட்டதால், இறக்கவில்லை என்பதை எழுத்தில் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க வசதியாக இருக்கும் என்றார்.

ஐந்து மணிக்குச் சாந்தினி வந்தாள். கதவைத் திறந்தவள், தேநீரும் கையுமாக இருந்த அப்பாவைப் பார்த்து அழுதாள். பிறகு கோபம் வந்து அரை மணி நேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் நின்றாள்.

"நான் லிஃப்ட்லதானே வந்தேன்?"

"அதிலதான் வந்த," என்றார் காமினி அமைதியாக. "நல்லா ஓடுதும்மா. இனிமே அப்பாவுக்கு முட்டி வலி இருக்காது."

சாந்தினி யோசித்தாள். லிஃப்ட் ஓடினால் கிள்ளான் எதற்கு என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, இங்கயே இருங்க. நாளைக்குத்தான் கடைசி நாள், பெட்டிய நான் எடுத்துட்டுப் போய் ரிட்டர்ன் பண்ணிர்றேன். பாஸா ஃபெயிலா?"

"இருபதுல எட்டு. கடைசி மூணும் தேறல," என்றார் சுகுமாரன். நெஞ்சு நிமிர்ந்தது. கெட்ட பீஸும் கையை விட்டுப் போகவில்லை, ஊரும் போகவில்லை. "ஃபெயில்."

இஸ்மாயில் கடையில் சாப்பாடு வாங்கிவரத் தாயும் மகளும் கீழே போனார்கள். லிஃப்டில் போவதற்காகவே போனார்கள் என்றும் சொல்லலாம். சுகுமாரன் பெட்டியிடம் போய் மாலையைக் கழற்றினார். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்தார். அதை ஒட்டக் கையை ஓங்கியபோது பெட்டி தானே எடுத்துக்கொண்டது. திரையில் நூர்ஜான். குங்குமம் அப்பிய கேமராவில் அவருக்குச் செம்மூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"காமினி, இருக்கியா? லிஃப்டுக்கு அண்ணன் போட்டோ ஒண்ணு போதுமா இருந்துச்சு பாத்தியா. அடுத்த மாசம் தண்ணித் தொட்டிக்கு எங்க வீட்டு ஆள வெச்சுப்போம். ஆனா எங்கள்ல மாலை போடுற வழக்கம் இல்ல, வேற என்ன செய்யலாம்னு நீயே யோசிச்சு வையிலா."